கத்தரிக்கோல் எங்கே?

அன்புத் தங்கச்சிக்கு,

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது பாதியிலேயே நிறுத்திவிட்டாய். "இரு அக்கா, சின்னவனோட ஸ்கூல் ஃபார்ம் காணோமாம்" என்று போனவள் இருபது நிமிடம் கழித்துத்தான் திரும்பக் கூப்பிட்டாய். ஃபார்ம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. உன் குரலிலேயே பதில் இருந்தது. அப்போது சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் அறிவுரையாகிவிடும். கடிதமென்றால் திட்டிக்கொண்டே படிக்கலாம், பிடிக்காவிட்டால் மடித்தும் வைத்துவிடலாம்.

நாலு மாதமாக நான் வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சொல்வாளே, "அந்த அலமாரியைக் கொஞ்சம் ஒழிச்சு வை" என்று, அந்த ஒழிப்புதான். ஒரே நாளில் புரட்டிப்போடும் வேலையில்லை. ஒரு சனிக்கிழமை ஒரு மேஜை இழுப்பறை, அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. சில சனிக்கிழமைகளில் எதுவும் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் கத்தரிக்கோலில் ஆரம்பித்தது. என் பெரியவளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ செயல்திட்டத்துக்கு அட்டை வெட்ட வேண்டியிருந்தது. வீட்டில் கத்தரிக்கோல் இல்லை. கடைசியில் சமையலறைக் கத்தியை வைத்து அட்டையைக் கடித்துக் குதறி எப்படியோ அனுப்பினோம். அந்தக் கோபத்தில் மறுநாள் தேட உட்கார்ந்தேன். எத்தனை கிடைத்தது தெரியுமா? ஐந்து. ஒன்று தையல் டப்பாவில், ஒன்று மருந்துப் பெட்டியில், ஒன்று பழைய ரசீதுக் கட்டுக்கு நடுவில், ஒன்று சோபா இடுக்கில். ஐந்தாவது இன்னும் உறை பிரிக்காமல் இருந்தது. கிடைக்காதபோதெல்லாம் புதிதாக ஒன்று வாங்கி, வாங்கியதையும் தொலைத்திருக்கிறோம். இல்லாததால் வந்த கஷ்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அளவுக்கு மேல் இருந்ததால் வந்த கஷ்டம் அது.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன். சிரிக்காதே. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, வீட்டில் யாராவது என்னிடம் "எங்கே?" என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கோடு போட்டேன். அம்மா, என் நீலச் சட்டை எங்கே? ரிமோட் எங்கே? என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தியா? ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 23 கோடு. வீட்டிலுள்ள அத்தனை தட்டுமுட்டுச் சாமானுக்கும் கணக்குப்பிள்ளை நான்தான் என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பொருள்கள் அலமாரியில் இருந்தாலும் அவற்றின் பட்டியல் என் தலைக்குள் இருந்தது. சாயங்காலமானால் ஒரு வேலையும் செய்யாத மாதிரியும், முதுகு ஒடிந்த மாதிரியும் இருக்கும் என்று நீயும் சொல்வாயே, அதற்குக் காரணம் இதுதானோ என்று தோன்றியது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 2001 முதல் 2005 வரை, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள்ளேயே போய் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்தார்கள். கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் பெட்டிகள் நிறைந்து, நாலில் மூன்று வீடுகளில் காருக்கு இடமில்லை. அந்தத் தம்பதிகளிடம் எடுத்த அளவுகளை வைத்து 2010ல் வெளியான கட்டுரைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கார்ட்டிசால் என்று மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு ஹார்மோன் உண்டு. காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்க வேண்டும். வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, வேலை முடிந்தபாடில்லை என்று பேசிய மனைவிமார்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. கணவன்மார்களிடம் அந்த அளவுக்கு அது தெரியவில்லை. இதை நான் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார்.

சரி, இவ்வளவு சாமான் எப்படிச் சேர்ந்தது? நாம் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. "இருக்கட்டும்" என்ற ஒற்றைச் சொல்தான். மூடி தொலைந்த டப்பா, இருக்கட்டும். டப்பா தொலைந்த மூடி, அதுவும் இருக்கட்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பழமொழியில் தப்பில்லை. ஆனால் துரும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே பல் குத்துவது?

கையில் இருப்பதைக் கைவிட மனசு வராததைப் பற்றி 1990ல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் கோப்பைகளை வைத்துச் சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்குக் கோப்பையைக் கொடுத்து என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும், மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். கைக்கு வந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தும், கோப்பை வைத்திருந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். சில நிமிடத்து உறவுக்கே இப்படியென்றால், பத்து வருஷம் பரணில் கிடந்த சூட்கேஸுக்குக் கேட்பானேன். அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இதைத் தூக்கிப் போடலாமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் வேண்டாம்தான். "இன்றைக்கு இதைக் கடையில் பார்த்தால் காசு கொடுத்து வாங்குவேனா?" என்று கேட்டால் கை தானாகப் பிடியைத் தளர்த்துகிறது.

வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் ஜப்பானின் மரீ கொண்டோ, பொருளைக் கையிலெடுத்து அது மனதைத் துள்ள வைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். குழாய் ஸ்பேனர் யார் மனதையும் துள்ள வைக்காது, வீட்டில் அது இருந்துதான் ஆக வேண்டும். ஆனால் அறை அறையாகப் போகாமல் ஒரே வகைப் பொருளையெல்லாம் ஓரிடத்தில் குவித்துப் பார் என்கிறாரே, அது பொன்னான யோசனை. ஐந்து கத்தரிக்கோலும் ஒரே மேஜையில் கிடக்கும்போது வேறு வாதம் தேவைப்படாது. மூன்றாவது குழந்தை பிறந்தபிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டதாக 2023ல் அவரே சொல்லிவிட்டார். எனக்கு அவரை அன்றுதான் ரொம்பப் பிடித்தது.

காகிதத்தைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பத்திரம், சான்றிதழ், மருத்துவ அறிக்கை ஒரு கோப்பில் இருந்தால் போதும். கடை ரசீதுகளை வருஷக்கணக்கில் கட்டி வைத்திருந்தேனே, அவை சூடுபட்டு எழுத்து வரும் தாள். பிரித்துப் பார்த்தால் பாதி வெறும் வெள்ளை. வெற்றுத் தாளைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனமாகச் செய். இழுப்பறைகளின் அடியில் பழைய பொம்மையிலிருந்தும் ரிமோட்டிலிருந்தும் விழுந்த பட்டன் பேட்டரிகள் கிடக்கும். சின்னவன் எதையும் வாயில் வைக்கிறவன். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று கிடைத்தன. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இனி என் தப்பு. இரண்டாவது மாதம் வேகம் பிடித்துவிட்டது. ஒயர்கள் பின்னிக் கிடந்த ஒரு பையை அத்தானைக் கேட்காமலே அனுப்பிவிட்டேன். அதில் அவருடைய பழைய கேமராவின் சார்ஜர் இருந்திருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், கணக்கு முடிந்திருக்கும். இரண்டு நாள் அந்தக் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அதற்குப் பிறகு அடுத்தவர் பொருளை நான் தொடுவதில்லை. அவருக்கென்று ஒரு அலமாரி. அதற்குள் என்ன கிடந்தாலும் அது அவர் பாடு. வேடிக்கை என்னவென்றால், நான் கேட்பதை நிறுத்திய மூன்றாம் வாரம் அவரே ஒரு பெட்டி நிறையச் சாமானைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

பிள்ளைகளிடமும் அப்படித்தான். பொம்மைகளில் முக்கால்வாசியைப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினேன். எதையும் தூக்கிப்போடவில்லை, மாதத்துக்கொருமுறை மாற்றித் தருவேன் என்று சொல்லித்தான் ஏற்றினேன். 2018ல் அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் இரண்டு வயதை ஒட்டிய 36 குழந்தைகளை ஒருமுறை நாலு பொம்மையோடும் ஒருமுறை பதினாறு பொம்மையோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலு மட்டும் இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்களாம். என் பையன் அந்த வயதைத் தாண்டியவன். ஆனாலும் ஒரு டப்பா கட்டைகளை வைத்துக்கொண்டு முழுச் சாயங்காலமும் பாலம் கட்டினான். நடுவில் ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தேன்.

வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று நினைத்துவிடாதே. இப்போதும் நாற்காலி முதுகில் துணி தொங்குகிறது. செருப்புகள் ஜோடி சேர்வதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோடு போட்டுப் பார்த்தேன். நாலு. அதில் ஒன்று "அம்மா எங்கே?". நான் மொட்டை மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தலைக்குள் ஒரு பட்டியலும் ஓடவில்லை. அந்தச் சும்மாவுக்காக இன்னும் பத்து அலமாரி ஒழிக்கலாம். கத்தரிக்கோல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, சமையலறையில் ஒரு ஆணியும் படிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆணியும் அடித்தோம். பெரியவள் எடுக்கிறாள், வெட்டுகிறாள், திரும்ப மாட்டுகிறாள். மாட்டும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளறையிலிருந்தே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பாய். வாசலுக்குப் பக்கத்தில் சாவியும் கடிதமும் குவிகிற அந்த மேஜையிலிருந்து. ஸ்கூல் ஃபார்மும் அங்கேதான் எங்கேயோ இருக்கும்.

பரண் இப்போது காலி. ஒரே ஒரு அட்டைப்பெட்டி மட்டும் மூலையில் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது "கொஞ்ச நாள் வச்சிரு அக்கா" என்று நீ கொடுத்துவிட்டுப் போனது. கட்டிய கயிறுகூட அவிழ்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று உனக்காவது ஞாபகமிருக்கிறதா? அடுத்த லீவுக்கு வரும்போது நீயே ஏறி எடு. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். கயிறு அறுக்கக் கத்தரிக்கோல் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்காதே.

அன்புடன்,
அக்கா