தர்ப்பூசணி ஏன் வாடியது

ரங்கூன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். உன் நலமறிய ஆவல். நீ பாங்காக்கிலிருந்து அனுப்பிய இரண்டு படங்களையும் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கைப்பாங்கு அப்படியே அப்பாவுடையது என்றாள். எனக்குப் பெருமைதான். ஆனால் மாலையில் எடுத்த படத்தில் விரிந்து நிற்கும், நீ செதுக்கிய தர்ப்பூசணி ரோஜா, விருந்து முடியும்போது எடுத்த படத்தில் இதழெல்லாம் தொங்கி, அடியில் சாறு தேங்கிக் கிடக்கிறது. அது ஏன் என்று கேட்டிருந்தாய். உன் கத்திவேலையில் குறையில்லை என்று உங்கள் சமையற்கூடத்தில் சொன்னது சரிதான். நீ கவனிக்க வேண்டியது தண்ணீரை. வைகாசியில் அக்கா கல்யாணத்துக்கு நீயே வந்து மேசை அலங்காரம் செய்யப் போகிறாய் என்பதால், தொலைபேசியில் பாதியும் மீதியுமாகச் சொல்லாமல் எழுத்திலேயே தருகிறேன்.

தர்ப்பூசணியில் ஏறக்குறைய 92 விழுக்காடு தண்ணீர். சிவப்புச் சதையின் நுண்ணறைகள் பெரியவை, அவற்றின் சுவர் மெல்லியது. கத்தி பட்ட இடத்தில் அவை உடைந்து சாறு கசியத் தொடங்கும். மெல்லிய இதழாகச் சீவிவிட்டாலோ, தாங்கி நிற்க ஒன்றும் மிஞ்சாது. தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பகுதி அப்படியல்ல. அது இறுகியது, நாள் முழுதும் நிமிர்ந்து நிற்கும். நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நீ பச்சைத் தோலோடு வெள்ளையையும் சேர்த்துச் சீவி எறிந்திருக்கிறாய் என்பது முதல் படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. இதழ்கள் நுனியிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு. எலும்பை எடுத்துவிட்டுச் சதையை நிற்கச் சொன்னால் அது எப்படி நிற்கும்?

அடுத்த முறை இப்படிச் செய்து பார். பழம் அசையாமல் நிற்பதற்காக அடியில் ஒரு வில்லையைச் சீவும்போது சிவப்பு தெரிகிற அளவுக்குப் போகாதே. போனால் அந்த வழியாகவே சாறு இறங்கிவிடும். மேலே பச்சைத் தோலை மட்டும், மாங்காய்த் தோல் சீவுவதுபோல், வெளிர்பச்சை மிஞ்சும்படி எடு. நடுவில் ஒரு வட்டம் வரைந்து, கத்தியைச் செங்குத்தாக இறக்கிச் சுற்றிவிட்டு, வெளிப்புறத்திலிருந்து சாய்வாக இன்னொரு வெட்டுப் போட்டு, இடையிலுள்ள வளையத்தை எடுத்துவிடு. நடுவில் மிஞ்சும் வட்டம்தான் மொட்டு, அதைச் சுற்றித்தான் இதழ்கள் வர வேண்டும். ஒவ்வோர் இதழுக்கும் இரண்டு வெட்டு: முதல் வெட்டு இதழின் விளிம்பு, இரண்டாவது அதற்குப் பின்னால் சற்றே சாய்ந்து, இதழைப் பிரித்துக் காட்டும் பள்ளம் உண்டாக்கும் வெட்டு. இரண்டுக்கும் இடையில் உள்ள துண்டு தானாகக் கழன்று வர வேண்டும். பிடுங்க வேண்டி வந்தால், உள்ளே வெட்டு கூடவில்லை என்று பொருள். அடுத்த இதழை முந்தையதன் பாதி முதுகிலிருந்து தொடங்கு. கத்தி உள்ளே போகப் போகச் சிவப்பு தெரியும். இதழின் நுனி வெளுப்பாகவும் அடி சிவப்பாகவும் வரும். அந்த வெளுத்த விளிம்புதான் இதழைத் தாங்குகிறது. பார்வைக்கும் முழுச் சிவப்பைவிட அதுவே அழகு என்பது என் கட்சி.

கத்தியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய இடமெல்லாம் நீர் விடும். தாய்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் அந்த ஒல்லியான, கூர்நுனிக் கத்தி இந்த வேலைக்கென்றே பிறந்தது. வேலை தொடங்குமுன் மட்டுமல்லாமல் நடுநடுவிலும் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்.

தர்ப்பூசணியைத் தண்ணீரில் போடாதே. செதுக்கி முடித்ததும் லேசாக நீர் தெளித்து, ஈரத்துணி போர்த்திக் குளிரில் வைத்துவிடு. முள்ளங்கிக்கும் வெங்காயத்தாளுக்கும் இதற்கு நேர் எதிர்: ஐஸ் தண்ணீர் இல்லாமல் அவை பூவாகவே ஆகா. சிறிய சிவப்பு முள்ளங்கியில் தோலோடு இதழ் வெட்டிப் போட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், யாரும் தொடாமலே விரிந்திருக்கும். உள்சதை தண்ணீரைக் குடித்து உப்புகிறது, மேல்தோல் அந்த அளவுக்கு நீள்வதில்லை, ஆகவே இதழ் தோல் பக்கமாக, வெளிநோக்கி வளைகிறது. வெங்காயத்தாளை நீளவாக்கில் கீறிப் போட்டால் சுருள்வதற்கும் இதே காரணம்தான். காரணம் தெரிந்திருந்தால், எந்தப் பக்கம் வளைய வேண்டுமோ அதற்கேற்ப எந்தப் பக்கம் தோலை விட வேண்டும் என்று நீயே முடிவு செய்துகொள்ளலாம்.

காரட்டை வட்டமாக வளைத்து ரோஜா சுற்ற வேண்டுமென்றால் உப்புத் தண்ணீர் வேண்டும். மெல்லிய வில்லைகளை அதில் ஊறப்போட்டால் உப்பு அவற்றின் நீரை வெளியே இழுத்துவிடும். ஒடியாமல் துணிபோல் மடங்கும். சுற்றி முடித்தபின் நல்ல தண்ணீரில் அலசி ஐஸ் தண்ணீரில் விட்டால் திரும்ப விறைத்துக்கொள்ளும். காரட்டின் நிறம் தண்ணீரில் கரையாது, எவ்வளவு ஊறினாலும் கவலையில்லை. பீட்ரூட்டின் நிறம் கரையும். அதைக் கடைசியாக வெட்டி, தனிப் பாத்திரத்தில் அலசி, மேசையிலும் தனி இலைத்துண்டின்மேல்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் வெள்ளை முள்ளங்கிப் பூ இருந்தால், விருந்தினர் வருவதற்குள் அது இளஞ்சிவப்பாகிவிடும். ஆப்பிள், பேரிக்காய் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு என்பது உனக்கே தெரியும்.

பாங்காக்கில் உனக்குக் குளிர் அறை இருக்கிறது. ரங்கூனில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாத நிலையில், ஐஸ் கட்டி வாங்கித் தெர்மோகோல் பெட்டியில் அடைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். அதனால் கல்யாணத்துக்கு என்னென்ன காய் என்பதை இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். மழை பிடித்தபின் வரும் தர்ப்பூசணியை நான் நம்புவதில்லை. நடுவில் வைக்கும் பெரிய வேலைப்பாட்டைப் பறங்கிக்காயிலும் பப்பாளிக்காயிலும் செய்யலாம். பறங்கிக்காய் கையை நோகவைக்கும், ஆனால் செதுக்கிய பிறகு பொழுதுக்கும் அசையாமல் இருக்கும். பப்பாளிக்காயை மேலாகக் கீறிப் பால் வடியவிட்டுக் கழுவிக்கொண்டால் வெண்ணெய்போல் வெட்டு விழும். காரட்டும் முட்டைக்கோசும் ஷான் மலைப்பக்கத்திலிருந்து வருவதைத் திரி மிங்கலா சந்தையில் விடியுமுன் போய் எடுத்துக்கொள்ளலாம். தக்காளி இன்லே ஏரியின் மிதக்கும் தோட்டத்துத் தக்காளியாக, கெட்டியாக, பாதி பழுத்ததாகக் கிடைத்தால் தோலை ஒரே நாடாவாகச் சீவிச் சுருட்டி ரோஜா செய்ய அருமையாக இருக்கும். செயின்தலோன் மாம்பழம் அப்போது வந்துவிடும். அதில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. அதன் வாசனையே அலங்காரம்.

கத்தி வைக்காத அலங்காரத்தைப் பற்றி உங்கள் தொழிலில் அதிகம் பேசுவதில்லை என்று நினைக்கிறேன். பர்மாக்காரர்கள் வைக்கும் கடோப்வே என்ற காணிக்கைத் தட்டை நினைத்துப் பார்: நடுவில் காம்பு உடையாத பச்சைத் தேங்காய், அதைச் சுற்றி மூன்று சீப்பு வாழைப்பழம், சொருகிய தப்யே இலைக்கொத்து. ஒரு வெட்டும் இல்லை. அத்தனை அழகும் தேர்ந்தெடுப்பதிலும் அடுக்குவதிலும்தான். நம் அம்மன் கோயில்களில் சாகம்பரி அலங்காரத்துக்குக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் மிளகாயும் முழுசு முழுசாகக் கோத்துத்தானே சாத்துகிறோம்? தோல் கிழியாத காய்க்குள் அதன் தண்ணீர் அடைபட்டிருக்கிறது. அதனால்தான் விளக்குச் சூட்டிலும் கூட்டத்திலும் அது தாக்குப்பிடிக்கிறது. மேசையில் முக்கால் பங்கு முழுக் காய்கனியும் கால் பங்கு செதுக்கியதுமாக இருந்தால் போதும். பெரிய ஓட்டல்களில் எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளிவிடுகிறார்கள். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. சீர்வரிசைத் தட்டுகளை முதல் நாளே அடுக்குவோம் என்பதால் அங்கே செதுக்கியது எதுவும் வேண்டாம். பழுத்த வாழைச்சீப்பை மற்றப் பழங்களோடு நெருக்கி வைக்கவும் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருப்பதையும் விரைவில் பழுக்கவைத்துவிடும்.

உட்கார்ந்து சாப்பிடும் மேசை என்றால் அலங்காரத்தின் உயரம் உட்கார்ந்தவரின் தாடைக்கு மேல் போகக் கூடாது. எதிரில் இருக்கும் சம்பந்தியின் முகத்தைப் பறங்கிக்காய் மறைத்தால் அது அலங்காரமா? பரிமாறும் நீள மேசையில் மட்டும் பின்வரிசை உயரலாம். வாழையிலையை விரித்து அதன்மேல் வை. பச்சைப் பின்புலத்தில் சிவப்பும் வெள்ளையும் தாமாகவே எடுத்துக்காட்டும். மின்விசிறி நேராக வீசும் இடத்தைத் தவிர்த்துவிடு, ஈரத்தை அதுதான் முதலில் குடிக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும். பழத்தின்மேல் தூவினால் பத்து நிமிடத்தில் தட்டு குளமாகும்.

பார்ப்பதற்கு வைத்ததையும் சாப்பிடுவதற்கு வைத்ததையும் பிரித்தே வை. வெட்டிய பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரந்தான் என்பதும் உனக்கு உங்கள் சமையற்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம் கல்யாணங்களில் அதை யாரும் கேட்பதில்லை. ஆகவே சாப்பிடும் பழத்தைச் சின்னத் தட்டுகளில், உள்ளே குளிரில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வரச் சொல். பல்குச்சியால் இணைத்த பூக்களைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதே. குச்சிக்குப் பதில் காரட்டையே ஆணிபோல் சீவிச் சொருகினால் அந்தக் கவலையே இல்லை.

இரண்டு விஷயத்தில் அப்பாவின் பிடிவாதத்தை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். முள்ளங்கிப் பூவுக்குச் சாயம் ஏற்றாதே. வெள்ளை வேண்டாமென்றால் வேறு காயை எடு. பறங்கிக்காயில் பிள்ளையார் செதுக்கித் தரச்சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். மயிலோ அன்னமோ செய்து தருகிறேன் என்று நான் நயமாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையாரைக் குப்பைக் கூடையில் போடுவது யார்? செதுக்கும்போது விழும் துண்டுகள் மட்டும் வீணாகாது. தர்ப்பூசணி வெள்ளை கிடைத்தால் கூட்டுக்கு, பறங்கித் துண்டு சாம்பாருக்கு, பப்பாளிக்காய்ச் சீவல் பர்மியச் சாலட்டுக்கு என்று அம்மா இப்போதே பங்கு பிரித்துவிட்டாள். துண்டுகளைத் தரையில் விழவிடாமல் சுத்தமான தாம்பாளத்தில் சேர்த்துக்கொடு.

நீ வரும்போது அந்த ஒல்லிக் கத்தியில் இரண்டும், ‘வி’ வடிவ உளி ஒன்றும் வாங்கி வா. விமானத்தில் ஏற்றும் பெட்டியில் துணி சுற்றி வை. கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னதாக வந்தால்தான் பறங்கிக்காயை நீயே தட்டிப் பார்த்து எடுக்க முடியும். விடுமுறை கிடைத்ததும் தேதியை அம்மாவுக்குச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா