உலர் ஷிடாகே காளான் வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உலர் ஷிடாகே வாங்க வருகிறவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, "இது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாமே, புற்றுநோய்க்கே மருந்தாமே?" என்று கேட்கிறீர்கள். பாக்கெட்டில் நாங்கள் அப்படி எதையும் அச்சிடுவதில்லை.

செய்தி முழுப் பொய்யும் இல்லை. காளானும் ஒரு பூஞ்சைதான்; அதன் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேல் டெக்டின்-1 என்றொரு ஏற்பி, அதாவது குறிப்பிட்ட பொருளை அடையாளம் காணும் புரதம், உண்டு. உள்ளே வந்தது பூஞ்சையா என்று பார்ப்பது அதன் வேலை. பீட்டா குளுக்கான் பட்டதும் அந்த வெள்ளணு உஷாராகிவிடும். ஷிடாகேயிலிருந்து ஜப்பானில் பிரித்தெடுத்த லென்டினானும் ஒரு பீட்டா குளுக்கான்தான். 1985-இல் அங்கே இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அனுமதியும் கிடைத்தது. ஆனால் அது சுத்திகரித்து, கீமோ மருந்தோடு சேர்த்து ஊசியில் ஏற்றுவது. குழம்பில் போட்டுச் சாப்பிடுவதை அதோடு சேர்த்துப் பேச முடியாது. சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

நாக்கில் நடப்பதைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வோம். உமாமி என்பது இனிப்பு, புளிப்பு போல ஓர் அடிப்படைச் சுவை; அதற்கென்று நாக்கில் தனி ஏற்பி இருக்கிறது. தக்காளியில் உள்ள குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் அதற்குள் போனதும் சிப்பி ஓடு போல அது மூடிக்கொள்ளும்; சுவை தெரியும். உலர் ஷிடாகேயில் கிடைக்கும் குவானிலேட் என்ற இன்னொரு சுவைப்பொருள் அதன் விளிம்பில் உட்கார்ந்து, சட்டென்று திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டும் சேரும்போது சுவை பல மடங்கு ஏறுகிறது. இப்படிச் சுவை ஏறுவதைக் கண்டறிந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா குனினாகா.

காளானை ராத்திரியே குளிர்ந்த நீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அடியில் தங்கும் மண்ணை மட்டும் விட்டு வடித்து, மிதமான தீயில் சூடாக்கித் தக்காளி ரசத்தில் சேருங்கள். பருப்புத் தண்ணீர் குறைந்திருந்தாலும் ரசம் சப்பென்று இருக்காது!

காளானை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் கோடு கோடாகத் தடித்து அரிக்கும். அதற்கும் அந்த லென்டினானையே காரணமாகச் சொல்கிறார்கள்.

அப்புறம், பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் சீக்கிரம் நமத்துவிடும்.

அன்புடன்,
கடையினர்