காலுக்குப் புதுப்பாடம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் பழையபடிதான், அதை விடு.

அம்பாசிடரைக் கொடுத்துவிட்டு ஆல்டோ வாங்கினேன் அல்லவா, போன வாரம் அதில் கொல்லிமலை போனேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் தூறல். அந்த 70 வளைவில் ஏதோ ஒன்றில், மேலிருந்து பஸ் இறங்கியதால் கொண்டை ஊசியின் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்ப எடுத்தால் வண்டி நகரவில்லை. ஸ்டியரிங் முழுசாக ஒடித்திருந்தது. உள்பக்க முன்சக்கரம் விர்ரென்று சும்மா சுற்றுகிறது. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை. அம்பாசிடர் இப்படி மானத்தை வாங்கியதே இல்லை என்று ஆல்டோவைத் திட்டினேன்.

திட்டியிருக்கக் கூடாது. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்கிறது. அம்பாசிடரில் தள்ளுவது பின்சக்கரம், பாரம் விழ விழ அதற்குப் பிடி கூடும். இதிலோ இழுப்பதும் திரும்புவதும் அதே முன்சக்கரங்கள்தான், அவையும் ஏற்றத்தில் லேசாகிவிடுகின்றன. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தேன், ஏறிவிட்டது.

மேலே போனபின் ஈர வளைவில் பழைய ஞாபகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். மூக்கு வெளிப்பக்கமாகவே போனது. காலைத் தளர்த்தியதும் தானாக உள்ளே வந்தது. அம்பாசிடரில் நேர்மாறு. அந்த மழைக்காலத்தில் காலி டிக்கியோடு வந்தபோது வால் வீசியதே, நீ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துக் காப்பாற்றினாயே! அன்று திடுக்கிட்டுக் காலை எடுத்திருந்தால் வண்டி முழுச்சுற்று சுற்றியிருக்கும்.

மருமகன் பழைய நானோ பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். டவுனுக்குள் ஓட்ட நல்ல வண்டி. இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு நடுவே இன்ஜினும் இல்லை, சக்கரத்தை இழுக்கும் ஆக்சிலும் இல்லை, நன்றாக ஒடியும். 4 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். ஆனால் பாரமெல்லாம் பின்னால். வால் வீசாமல் இருக்கத்தான் கம்பெனியிலேயே முன்னால் 135, பின்னால் 155 அகல டயர் போட்டார்கள். நாலும் ஒரே அளவாகப் போட்டுவிடலாம் என்று டயர் கடையில் சொன்னால் கேட்க வேண்டாம் என்று சொல். வாங்கும் முன் பின்டயரைக் குனிந்து பார்க்கட்டும், அளவு பக்கவாட்டில் எழுதியிருக்கும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ராமு