தம்பி, அந்தக் கிளையை ஏன் ஒடித்தாய்?

அன்புள்ள தம்பி,

குடும்பக் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். பின்னால் கல்சுவர், கையில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கிளை, முகத்தில் புலி வேட்டையாடிய பெருமை. ‘பொந்தியு பிலாத்து பிறந்த ஊர், 5000 வருட மரம், ஒரு நினைவுப் பொருள்’ என்று கீழே எழுதியிருந்தாய். சித்தி உடனே கைகூப்பினார். நான் பதில் போடவில்லை. உன்னைப் போலவே அரைமணி நேரத்தில் ஊர் பார்த்துத் திரும்புகிற பிள்ளைகள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும் என்பதால், எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் பிலாத்து, இயேசுவுக்குத் தீர்ப்பளித்த ரோமானிய ஆளுநர். பேரரசர் அனுப்பிய ரோமானியத் தூதர் ஒருவர், நீ போய் வந்த இந்த ஸ்காட்லாந்துக் கிராமமான ஃபார்ட்டிங்கலுக்கு வந்தார், அவருக்கு இங்கே பிறந்த மகன்தான் பிலாத்து என்பது கதை. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ரோமானியப் படை பிரிட்டனைப் பிடிக்க வந்ததே கி.பி. 43இல். ஸ்காட்லாந்துக்குள் அது கால் வைக்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அப்பன் வருவதற்கு முன்பே பிள்ளை வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டான். ஊருக்கு வெளியே ‘ரோமானிய முகாம்’ என்று காட்டுகிற மேடும் பள்ளமும்கூட, இடைக்காலத்தில் யாரோ ஒரு நிலக்கிழார் அகழி வெட்டிக் கட்டிக்கொண்ட வீட்டின் தடம் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இனி மரம். 1769இல் தாமஸ் பென்னன்ட் என்ற பயணி யூ என்ற இந்த ஊசியிலை மரத்தின் சுற்றளவை 56½ அடி என்று எழுதிவைத்தார். இன்று அந்த அடிமரம் இல்லை. நடுப்பகுதி உளுத்துப் போய், விளிம்பு மட்டும் தனித்தனித் தண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. பழைய சுற்றளவு எதுவரை இருந்தது என்று காட்டத் தரையில் முளைகள் அடித்திருக்கிறார்கள். அவற்றைக் கவனித்தாயா? அடுத்த முறை அந்த முளைகளைக் கண்ணால் தொடர்ந்து ஒரு சுற்று வந்து பார். பிளந்த மரத்தின் நடுவே சவ ஊர்வலம் புகுந்து போகும் என்று சொல்வார்கள். படிக்கும்போது நம்ப முடியாமல் இருந்தது. முளைகளைப் பார்த்த பிறகு சந்தேகம் வரவில்லை.

வயது 5000 என்று நீ எழுதியதை யாராலும் நிரூபிக்க முடியாது. வளையங்களை எண்ணலாம் என்றால் எண்ணவேண்டிய நடுமரமே இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் என்பவர்கள் உண்டு, அதற்கு மேல் போகிறவர்களும் உண்டு. எல்லாம் மதிப்பீடுதான். ஆனால் 2015இல் நடந்த ஒன்று எனக்கு இந்த எண்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. யூவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இது ஆண். மகரந்தத்தோடு அதன் வேலை முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்து ஆள் ஒருவர் உயரத்தில் ஒரு கொப்பில் மூன்று சிவப்புப் பழங்களைப் பார்த்தார். இத்தனை வயதில் மரத்தின் ஒரே ஒரு கொப்பு பெண்ணாகியிருக்கிறது! தம்பி, நீ ஒடித்த கிளை அந்தக் கொப்பில் இருந்ததா, வேறெதிலாவது இருந்ததா என்று உனக்குத் தெரியுமா?

மரத்தைச் சுற்றியிருக்கும் அந்தக் கல்சுவரைக் கட்டியதே உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். நினைவுப் பொருள் வேண்டும் என்று துண்டுதுண்டாக அறுத்துக்கொண்டு போய்த்தான் மரம் இந்தக் கதிக்கு வந்தது. 2019இலும் வருகிறவர்கள் கிளை ஒடிக்கிறார்கள், நாடா கட்டுகிறார்கள், மரம் வாடுகிறது என்று செய்தி வந்தது. அருகிலிருக்கும் தேவாலயத்தில் ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட கைமணி ஒன்று கம்பிக்குப் பின்னால் இருந்தது. அதை 2017இல் திருடிவிட்டார்கள். எடுத்தவனும் நினைவுப் பொருள் என்றுதான் நினைத்திருப்பானோ என்னவோ.

கூரை வேய்ந்த வீடுகளைப் ‘பழங்காலக் கிராமம்’ என்று இன்னொரு படத்தில் போட்டிருக்கிறாய். தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் விட்ட டொனால்ட் கரி 1885இல் இந்தப் பண்ணையை வாங்கி, ஜேம்ஸ் மக்லாரன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஊரைத் திருத்திக் கட்டினார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழங்காலம் அங்கில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், ஆடு மேய்கிற வயலில், தலையில் ஒரு கல்லோடு சின்ன மேடு ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் ‘கார்ன் ந மார்வ்’, அதாவது இறந்தவர்களின் மேடு. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் செத்தவர்கள் இங்கே கிடக்கிறார்கள் என்றும், வெள்ளைக் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் ஒரு கிழவி அவர்களைக் கொண்டுவந்தாள் என்றும் அந்தக் கல் சொல்கிறது. மேடோ அதற்கும் வெகுகாலம் முந்தியது, வெண்கலக் காலத்துப் புதைமேடு. 1924 வரை நவம்பரில் ஊரே கூடி அதன்மேல் சொக்கப்பனை போல நெருப்பு வளர்த்திருக்கிறது. எரிக்க மலையில் புதர் வெட்டியதால் வேட்டைப் பறவைகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் போயிற்று என்று காவலாளி முறையிட்டதில் அது நின்றது என்பார்கள். உன் படத்தில் இந்த மேடு ஓரமாகத் தெரிகிறது. நீ திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

எனக்கு இந்த ஊரில் பிடித்தது கண்ணுக்கே தெரியாத ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மக்ரெகர் என்ற பாதிரியாரும் அவர் தம்பி டங்கனும் இங்கே இருந்துகொண்டு கேலிக் பாடல்களைத் தேடித்தேடி ஒரு ஏட்டில் எழுதினார்கள். பாதிரியார் லிஸ்மோர் பேராலயத்தின் டீனாகவும், அதாவது தலைமைக் குருவாகவும், இருந்ததால் ‘லிஸ்மோர் டீனின் ஏடு’ என்று அதற்குப் பெயர். கேலிக்குக்கு உரிய எழுத்துமுறையை விட்டுவிட்டு, தாழ்நிலத்து ஸ்காட்ஸ் மொழியை எழுதுகிற முறையில், காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். கைபேசியில் நாம் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறோமே, அதே கூத்து. படித்துப் பிரிப்பதற்குள் அறிஞர்களுக்குத் தாவு தீர்ந்தது. வீரர்களின் கதைப்பாடல், பக்திப் பாட்டு, ஒரு பாதிரியார் எழுதிவைக்கக் கூசவேண்டிய கொச்சைப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. கணவனை இழந்த ஒருத்தி, அவன் கையில் உருண்ட ஜெபமாலையைப் பார்த்து அழுகிற பாட்டும் உண்டு. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து எழுதியிராவிட்டால் அதில் பல பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டா.

அந்த ஏடு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில். நீ தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறாய். அந்த யூ மரத்துக்கும் அங்கே வாரிசு இருக்கிறது. தாவரவியல் தோட்டத்தில் பல நாட்டு யூ மரங்களின் பதியன்களைக் கொண்டு ஒரு வேலி வளர்க்கிறார்கள், ஃபார்ட்டிங்கல் மரத்தின் பிள்ளைகளும் அதில் உண்டு. தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. கையை மட்டும் பையிலேயே வைத்துக்கொள்.

ஒடித்ததை ஒட்டவைக்க முடியாது. ஆனால் மேசையில் திறந்து வைக்காதே. யூவின் இலையும் விதையும் நஞ்சு, உன் அறைத் தோழனின் பூனை எதையும் மெல்லும் என்று நீதான் சொன்னாய்.

அன்புடன்,
அக்கா