செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. தியாகராஜர் ஆராதனையும் சரஸ்வதி பூசையும் குறைவின்றி நடந்தன. சந்தா நிலுவை வழக்கம்போல இருக்கிறது. நிலுவை வைத்திருப்போர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் மேற்கொண்டு பேசவில்லை.

மார்ச் 15ஆம் திகதி நடந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாரிசின் லா ஷப்பேலில் 2ஆம் இலக்க மெட்ரோ ஏறினால் ஐந்தாவது தரிப்பு பிளாஸ் து கிளிஷி. அருகே லிலி பூலாஞ்ஜே பெயரில் ஒரு சிறு சதுக்கம். பூலாஞ்ஜே என்றால் பிரெஞ்சில் பாண் சுடுபவர். யாரோ பேக்கரிக்காரர் என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

இளம் கலைஞர்களுக்குப் பிரான்ஸ் அளித்துவந்த ரோம் பரிசை, இசையமைப்புக்காக 1913இல் வென்ற முதல் பெண் லிலி. வயது 19. இரண்டு வயதில் கண்ட நுரையீரல் அழற்சிக்குப் பிறகு உடம்பு ஒருபோதும் தேறவில்லை. 1918 மார்ச் 15 அன்று, 24 வயதில் காலமானார். கடைசிப் படைப்பான 'பியே ஜெசு' என்ற கிறிஸ்தவப் பிரார்த்தனைப் பாடலைப் படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல, அக்கா நாதியா எழுதினார்.

நாதியாவுக்கு 1908இல் அதே போட்டியில் இரண்டாம் பரிசுதான். தங்கை போன சில ஆண்டுகளில் சொந்தமாக இசையமைப்பதையே நிறுத்திவிட்டார். நிகழ்ச்சியில் பேசியவர் நாதியாவைத் 'தியாகி' என்றார், எனக்கு உடன்பாடில்லை. கோப்லண்ட், பியாட்சோலா, குயின்சி ஜோன்ஸ் என்று உலகின் பாதி இசையை ரூ பல்யூ தெரு வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தவரைத் தியாகி என்பதா? தங்கையின் படைப்புகளையும் 1979இல் கண்மூடும்வரை மேடையேற்றப் பாடுபட்டார்.

லிலியின் 'பழைய பௌத்தப் பிரார்த்தனை'யை ஒலிக்கவிட்டபோது எங்களில் சிலர் முகம் சுளித்தது உண்மை. அதன் வரிகள் விசுத்திமக்கம் என்ற பாளி மொழிப் பௌத்த நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்நூல் பிறந்தது அனுராதபுரத்தில். கிழக்கிலும் மேற்கிலும், வடக்கிலும் தெற்கிலும் உள்ள உயிர்களெல்லாம் பகையின்றி, துயரின்றி நடமாட வேண்டும் என்பதே பாட்டு. வடக்கு என்ற சொல் வந்த இடத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேநீர் ஆறிப்போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மோன்மார்த்ர் மயானத்துக்குப் போனோம். சகோதரிகள் இருவருக்கும் ஒரே கல்லறை. கணக்கறிக்கையில் 'இதர செலவு' என்றிருப்பது அங்கு வைத்த பூ. பொருளாளரைக் கேட்க வேண்டாம், என்னைக் கேளுங்கள்.