தாளுக்கு வெளியே முட்டும் கோடுகள்

வட்டக்கச்சி

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய தரம் 7 பிள்ளைகள் கொப்பியில் முட்டாத கோடுகளை எல்லாம் சமாந்தரம் என்று எழுதி வைப்பதாகப் போனில் சலித்துக்கொண்டாய். அதுகளைக் குறை சொல்லாதே. 2 அங்குலத்தில் இரண்டு துண்டைக் கீறிக் காட்டினால் பிள்ளை வேறு எதைச் சொல்லும்? நேர்கோடு என்றால் இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போக வேண்டும். ஒரு பக்கம் நின்றால் கதிர், இரண்டு பக்கமும் நின்றால் துண்டம். முதலில் இதைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் முட்டாதவைதான் சமாந்தரம்.

நான் அத்திவாரத்துக்கு நூல் கட்டுகிற கணக்கைச் சொல்லிப் பார். 20 அடி நீளத்துக்கு இரண்டு நூல். இந்தத் தலைப்பில் இரண்டுக்கும் இடையில் 10 அடி, அந்தத் தலைப்பில் 9 அடி 11 அங்குலம். பார்த்தால் நேராகத்தான் தெரியும், வீட்டுக்காரரும் தலையாட்டுவார். ஆனால் 20 அடிக்கு 1 அங்குலம் நெருங்கினால், 10 அடி, அதாவது 120 அங்குலமும் நெருங்கி முடிய 2400 அடி. அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம்கூட இல்லை! நம் வளவில் தொடங்கிய நூல்கள் வாய்க்காலைத் தாண்டி யாரோ ஒருவருடைய வயலுக்குள் வெட்டிக்கொள்ளும். வெட்டுப்புள்ளி தாளில் விழவில்லை, அவ்வளவுதான்.

குறுக்கே ஒரு நூல் போட்டும் பார்க்கலாம். அந்தக் குறுக்கோடி இரண்டு கோட்டிலும் ஒரே பக்கமாக ஒரே கோணத்தில் வெட்டினால்தான் சமாந்தரம். வெட்டுகிற இடத்தில் நாலு கோணமும் அளக்கத் தேவையில்லை. ஒன்று 70 பாகை என்றால் எதிரே இருப்பதும் 70, மற்ற இரண்டும் 110.

சரி, உன் வகுப்பில் ஒரு குழப்படிக்காரன் இருப்பான். "டீச்சர், றோட்டுக்கு அடியால் வாய்க்கால் குறுக்கே போகுதே, அது இரண்டும் முட்டவும் இல்லை, சமாந்தரமும் இல்லையே" என்று கேட்பான். அவனை அதட்டி இருத்திவிடாதே. முட்டும், இல்லாவிட்டால் சமாந்தரம் என்பதெல்லாம் ஒரே தளத்தில் கிடக்கிற கோடுகளுக்குத்தான். மதகில் றோட்டு மேலே, தண்ணீர் கீழே, தளமே வேறு. அவன் கேட்டது நல்ல கேள்வி.

கரும்பலகைக்கு மூலைமட்டம் இல்லை என்றாயே. தச்சரிடம் சொல்லி 3 அடி, 4 அடி, 5 அடியில் சட்டம் அடித்தால் செங்கோணம் தானாக வரும், ஆனால் அது உனக்குத் தூக்கப் பாரம். பாதி அளவில் செய்விக்கிறேன். லீவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அம்மா சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா