செல்வத்தைக் கேலி செய்யாதே

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் அத்தையும் நலம்தானே? கடிதம் போட்டு வெகுநாளாகிவிட்டது. தாராவியில் மழை விட்டபாடில்லை; அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம். இது நம் செல்வத்துக்காக எழுதுவது.

பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுகிற அந்த மாவாவை விடப்போகிறான். சிரிக்காதே. "நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்று வருடக்கணக்காகச் சொன்னவன்தான். ஆனால் காரம் பட்டாலே வாய் எரிகிறது என்று பல் மருத்துவரிடம் போனான். துணைக்கு நானும் போனேன். வாயைத் திறந்து மூன்று விரலை நிறுத்தி நுழைக்கச் சொன்னார். இரண்டுதான் போயிற்று. முக்கியமாகப் பாக்கினால் கன்னத்தின் உட்சதை நார்போல இறுகிவிட்டதாம். இப்போது புற்றுநோய் இல்லை, விடாவிட்டால் அதில் கொண்டுபோய் விடலாம் என்றார்.

பிறகு கேட்டார்: "தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் மாவா?" செல்வம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே" என்றான். நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையாம். எழுந்த 5 நிமிடத்துக்குள் என்றால் அந்த ஒரு கேள்விக்கே 3 மதிப்பெண், மொத்தமே 10தான். இரவு முழுக்க உடம்பில் புகையிலையின் நிகோடின் அளவு குறைந்துவிடுகிறது, விடிந்ததும் மூளை அதைக் கேட்கிறது. இப்படிப்பட்டவனை மனத்திடம் இல்லாதவன் என்று ஊரார் ஏசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

விடத் தயாரா என்றதற்கு வெகுநேரம் பேசாமல் இருந்தான். "விட வேண்டும் சார். பயமாக இருக்கிறது" என்றான். செல்வத்தின் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நீ கேட்டிருக்கிறாயா?

ஆவணி முதல் தேதி என்று நாள் குறித்திருக்கிறான். முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகவும் படுத்துமாம்: எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை. அது அடங்கச் சில வாரம் ஆகும். அந்தச் சமயத்தில்தான் கோயில் கொடைக்கு ஊருக்கு வருகிறான். அதனால்தான் உன்னிடம் கெஞ்சுகிறேன். "எத்தனை நாளைக்குப் பார்ப்போம்" என்று பந்தயம் கட்டாதே. அவன் முன்னால் பீடி பற்றவைக்காதே. நீ தீக்குச்சி உரசினால் அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், நான் பார்த்திருக்கிறேன். கோபப்பட்டுக் கத்தினால் பதிலுக்குக் கத்தாமல் வாய்க்கால் பக்கம் நடத்திக் கூட்டிப்போ.

1800-11-2356 என்ற எண்ணை அவன் பையில் எழுதி வைத்திருக்கிறேன். புகையிலையை விட உதவும் அரசின் இலவச எண். பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து தமிழிலேயே பேசுவார்கள். நீயும் குறித்துக்கொள். இருமிக்கொண்டே பீடிக்கட்டைத் தேடுகிறவனே, உன் முறையும் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

செல்வம் சனிக்கிழமை ரயில் ஏறுகிறான். ஸ்டேஷனுக்கு நீயே போ. வேறு யாரையும் அனுப்பாதே.

அன்புடன்,
தங்கராஜ்